பள்ளி மூடும் நாளும் பெற்றோரின் ஊதியமும்: திருவண்ணாமலையை முன்வைத்து

திருவண்ணாமலை மாவட்டத்தில் பள்ளிகள் வழக்கத்துக்கு மாறாக மூடப்படும் நாட்களைக் காரணம் நோக்கி மூன்றாகப் பிரிக்கலாம். கார்த்திகைத் தீபத் திருவிழாவை ஒட்டி முன்கூட்டியே அறிவிக்கப்படுபவை ஒரு வகை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் முந்தைய நாள் இரவிலோ அன்று விடியற்காலையிலோ அறிவிப்பவை இன்னொரு வகை. பெருந்தொற்றின்போது நேர்ந்ததைப் போல மாதக்கணக்கில் நீள்பவை மூன்றாம் வகை. காரணமும் கால அளவும் வேறுபட்டாலும், குழந்தையை வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் ஆணை எதுவும், அந்தக் குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வியைத் தொடுவதில்லை என்பது மூன்றுக்கும் பொது. வேலைக்குச் செல்லும் பெற்றோர் தம் ஊதியத்தை இழக்காமல் அந்த நாளில் வீட்டில் இருக்க முடியுமா, முடியாதெனில் குழந்தைக்கு வேறு எந்த இடம் உள்ளது என்ற இரண்டும் தமிழகத் தொழிலாளர் சட்டங்களில் இன்றும் தெளிவான விடை பெறாதவை.

தீபத் திருவிழாவின் விடுமுறை எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்பது பயன்தரும். கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்து நாட்கள் நடைபெறும் இவ்விழாவில் ஏழாம் நாள் தேரோட்டமும், பத்தாம் நாள் அதிகாலையில் பரணி தீபமும், மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகா தீபமும் நிகழ்கின்றன. பல லட்சம் பேர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து பாதுகாப்புப் பணிக்கு வரும் காவலர்கள் தங்குவதற்குப் பள்ளிக் கட்டடங்கள் ஒதுக்கப்படுவதும் உண்டு. ஆட்சியர் வெளியிடும் ‘உள்ளூர் விடுமுறை’ ஆணை அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். அதற்கு ஈடாகப் பின்னொரு சனிக்கிழமை பணி நாளாகக் குறிக்கப்படும். இவ்விடுமுறை 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது என்ற குறிப்பும் அந்த ஆணையில் இடம்பெறுவது வழக்கம். காசோலை, கடனுறுதிச் சீட்டு போன்ற பணப் பத்திரங்களை ஒழுங்குபடுத்தும் அச்சட்டத்தின் கீழ் அறிவிக்கப்படும் விடுமுறைதான் வங்கிகளை மூடச் செய்யும். ஆகவே கருவூலம் குறைந்த பணியாளர்களோடு இயங்கும், வங்கிகள் திறந்திருக்கும். கருவூலத்தைப் பற்றி இவ்வளவு கவனமாகப் பேசும் ஓர் ஆணையில், பள்ளிக்குப் போகாத குழந்தையின் தாய் பணிபுரியும் ஜவுளிக்கடையையோ தந்தை பணிபுரியும் பட்டறையையோ பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை.

தனியார் துறைக்கு வேறொரு சட்டம் உண்டு. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறை நாட்கள்) சட்டம் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கையும், அவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களையும் ஊதியத்துடன் கூடிய விடுமுறையாக ஆக்கியுள்ளது. அந்த ஐந்தில் கார்த்திகைத் தீபம் இடம்பெறுமானால் தொழிலாளிக்கு அன்று விடுமுறை கிடைக்கும். அன்றும் வேலைக்கு அழைக்கப்பட்டால் இரட்டை ஊதியமோ, அன்றைய ஊதியத்தோடு ஊதியமுள்ள மாற்று விடுமுறையோ தரப்பட வேண்டும். ஆனால் பள்ளி மூடப்படும் நாட்கள் மகா தீபத்தோடு முடிவதில்லை; தேரோட்ட நாளும் அதை ஒட்டிய நாட்களும் சேரும்போது, ஆண்டு முழுவதற்கும் வகுக்கப்பட்ட ஐந்து பண்டிகை நாட்கள் ஒரே விழாவிலேயே கரைந்துபோகும்.

திருவண்ணாமலை நகரில் பலருடைய நிலை சட்டம் கருதும் தொழிலாளியின் நிலைக்கு நேர் எதிரானது. பூக்கட்டுவோர், பூசைப் பொருள் விற்போர், உணவக ஊழியர், விடுதிப் பணியாளர், ஆட்டோ ஓட்டுநர், கிரிவலப் பாதையில் தற்காலிகக் கடை போடுவோர் ஆகியோருக்கு ஆண்டின் மிகுந்த வருமானம் வருவது பள்ளி மூடியிருக்கும் அந்த நாட்களில்தான். கூட்டம் குவித்துச் செல்லும் குப்பையை இரவோடு இரவாக அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கும், அரசு மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், பேருந்து நடத்துநர்களுக்கும், பெண் காவலர்களுக்கும் அன்று விடுப்பு மறுக்கப்படுவது நிர்வாகத்தின் கல்நெஞ்சத்தால் அன்று. அன்று அவர்கள் இல்லாவிட்டால் ஊர் நிலைகுலையும் என்பதால்தான். ஊதியத்துடன் கூடிய விடுப்பை மட்டுமே தீர்வாக முன்வைக்கும் வாதம் இங்கே வந்து நின்றுவிடுகிறது. கோயில் நகரத்தின் திருவிழா நாளில் பெற்றோருக்குத் தேவை விடுப்பைக் காட்டிலும் குழந்தைக்குப் பாதுகாப்பான இடமும், அங்கே ஒருவேளைச் சோறும், பொறுப்பான ஓர் ஆளுமே. நெரிசலில் குழந்தையைக் கடையின் பலகைக்கு அடியில் உறங்கவைத்துவிட்டு வியாபாரம் பார்க்கும் தாய்க்கு, அரசு தரவேண்டியது இன்னொரு சட்டப்பிரிவு அன்று, நடந்துபோகும் தொலைவில் திறந்திருக்கும் ஒரு கட்டடம்.

மழை விடுமுறையின் தன்மை வேறு. 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் உள்மாவட்டங்களில் பெய்வித்த பெருமழையில், டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலையடிவாரத்தின் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து குழந்தைகள் உள்பட ஏழு பேர் உயிரிழந்தனர். சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட பெருவெள்ளம் தென்பெண்ணைக் கரை ஊர்களைச் சூழ்ந்தது. அத்தகைய நாட்களில் பள்ளியை மூடுவது தவிர்க்க முடியாத கடமை. ஆனால் மழை விடுமுறை பெரும்பாலும் இந்த அளவு பேரழிவில் வருவதில்லை. ஒருநாள், இரண்டு நாள் கனமழை எச்சரிக்கையில் வருகிறது, அப்போது ஆலைகளும் கடைகளும் வழக்கம்போல் இயங்குகின்றன. காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் விடுமுறை அறிவிப்பைக் காணும் தாய், ஏழு மணிக்கு வரும் கம்பெனிப் பேருந்துக்கு முன் முடிவெடுக்க வேண்டும். குழந்தையைத் தனியே விடுவது வெள்ளமும் மின்கம்பியும் உள்ள தெருவில் அதை விடுவதற்கு ஒப்பாகும் என்பதால், பள்ளியை மூடிய காரணமே வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டியதற்கும் காரணமாகிறது.

செய்யாறு சிப்காட் தொழில் வளாகத்தின் காலணித் தொழிற்சாலைகளில் பணிபுரிவோரில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்துகளில் வந்து செல்லும் பெண்கள். இத்தகைய ஆலைத் தொழிலாளருக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாட்கள் பணிசெய்தால் ஒவ்வொரு இருபது நாள் வேலைக்கும் ஒருநாள் என்ற கணக்கில் ஈட்டிய விடுப்பை வழங்கியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தகுதிக்கான நாட்களை 180 ஆகக் குறைத்தன, விடுப்பின் விகிதத்தை மாற்றவில்லை. ஈட்டிய விடுப்பு என்பது முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டியது. விடியற்காலை அறிவிப்புக்கு அது பொருந்தாது. தனியார் ஆலைகள் பலவற்றில் வழங்கப்படும் ‘அட்டெண்டன்ஸ் போனஸ்’, அதாவது மாதம் முழுவதும் தவறாமல் வந்தால் தரப்படும் ஊக்கத்தொகை, முன்னறிவிப்பின்றி ஒருநாள் வராவிட்டாலே குறைந்துவிடும் அல்லது இல்லாமற்போகும். அப்போது ஒரு மழை நாளின் இழப்பு ஒருநாள் கூலியோடு நிற்பதில்லை.

கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் சற்றுத் தாராளமானது. ஓராண்டுப் பணிக்குப் பின் பன்னிரண்டு நாள் ஊதிய விடுமுறை, நோய்க்குப் பன்னிரண்டு நாள், நியாயமான எந்தக் காரணத்துக்கும் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு என அது வகுத்துள்ளது. பிள்ளையின் பள்ளி மூடப்பட்டது நியாயமான காரணம் இல்லையென்று யாரும் வாதிட முடியாது. நாடு விடுதலை பெற்ற ஆண்டின் இந்தப் பழைய சட்டத்தில் இருக்கும் நெகிழ்வு, ஆலைச் சட்டத்தில் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் தேரடித் தெருவின் சிறு கடைகளில் பதிவேடு இல்லை, விடுப்புக் கணக்கு இல்லை, வராத நாளுக்குக் கூலியும் இல்லை; சட்டம் எழுத்தில் நிற்கிறது.

பள்ளி மூடும் நாளுக்கும் பெற்றோரின் விடுப்புக்கும் இடையிலான இவ்விடைவெளியின் வேரைத் தேடினால் அது ஒரு வயது எல்லையில் இருப்பது தெரியும். தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களில் காப்பகம் அமைக்கவும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரவும் வழிசெய்தது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணித்தளத்துக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு குழந்தைகள் வந்தால் ஒரு பெண்ணைக் கூலியோடு அவர்களைப் பார்த்துக்கொள்ள நியமிக்கச் சொன்னது. ஆலைக் காப்பகமும் ஊரக வேலைத்தளக் காப்பகமும், அவற்றுக்கு வெளியே அங்கன்வாடியும், ஆறு வயதைத் தாண்டுவதில்லை. குழந்தைகளின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயதில் தொடங்கிப் பதினான்கு வரை செல்கிறது. ஆறு வயதுக்குப் பின் பகல் நேரத்தில் குழந்தையின் பொறுப்பாளர் பள்ளிதான் என்று சட்டங்கள் எழுதாமலே ஏற்றுக்கொண்டுவிட்டன. பள்ளி திறந்திருக்கும்வரை இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை.

சாதாரண ஆண்டிலேயே கணக்கு இடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்புகளுக்குக் குறைந்தது 220 வேலை நாட்களை விதிக்கிறது. எஞ்சும் 145 நாட்களில் குழந்தை வீட்டில் இருக்கும். ஆலைத் தொழிலாளிக்கு 52 வார விடுமுறை நாட்களும், 9 தேசிய, பண்டிகை நாட்களும், ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 15 நாள் ஈட்டிய விடுப்பும் சேர்த்து 76 நாட்கள். எல்லா விடுப்பையும் பிள்ளைக்காகவே செலவிட்டாலும் ஏறத்தாழ எழுபது நாட்கள் குறைகின்றன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புகளுக்குக் குறைந்தபட்ச நாட்கள் 200 என்பதால் சிறு குழந்தைகளுக்கு இந்தக் குறை இன்னும் பெரிதாகலாம். இதுநாள்வரை பாட்டியும், பக்கத்து வீட்டாரும், மூத்த பெண் குழந்தையும் நிரப்பிவந்த இந்த எழுபது நாட்களின் மேல்தான் தீப விடுமுறையும் மழை விடுமுறையும் வந்து விழுகின்றன.

அரசு ஊழியரிடையே இதற்கு ஒரு தீர்வு இருப்பதாகத் தோன்றலாம். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2008 செப்டம்பர் முதல் மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்குக் குழந்தை பராமரிப்பு விடுப்பு வழங்கப்படுகிறது. பதினெட்டு வயது வரையுள்ள இரு குழந்தைகளுக்காகப் பணிக்காலம் முழுவதிலும் 730 நாட்கள் எடுக்கலாம். பின்னர் மனைவியில்லாமல் தனியே பிள்ளை வளர்க்கும் ஆண் ஊழியர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. முதல் 365 நாட்களுக்கு முழு ஊதியமும் அடுத்த 365 நாட்களுக்கு எண்பது விழுக்காடும் தரப்படுகின்றன. மாநிலங்கள் இதைத் தத்தம் விதிகளில் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். இமாச்சலப் பிரதேசம் அவ்வாறு சேர்க்காததால் எழுந்த ஷாலினி தர்மாணி வழக்கில், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பெண்கள் பணியில் பங்கேற்பது சலுகை ஆகாது, அரசமைப்பு தரும் உரிமை என்று கூறி, மாநில அரசு தன் கொள்கையை மறுபரிசீலனை செய்யப் பணித்தது. ஆனால் இவ்விடுப்பை ஒருமுறைக்கு ஐந்து நாட்களுக்குக் குறையாமல்தான் எடுக்க முடியும். ஓர் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் பொதுவாக எடுக்கவும் முடியாது. தேர்வுக்காலத்துக்கும் நீண்ட நோய்க்கும் பயன்படும் இந்த விதி, ஒருநாள் மழை விடுமுறைக்குப் பயன்படாது. நாட்டின் மிகச் சிறந்த விடுப்பு விதியைப் பெற்றுள்ள அஞ்சலக ஊழியரும் அந்தக் காலையில் தம் தற்செயல் விடுப்பையே நம்பியிருக்கிறார்.

மூன்றாம் வகை மூடல் இந்தக் குறைகளையெல்லாம் பல மடங்காக்கிக் காட்டியது. தமிழகப் பள்ளிகள் 2020 மார்ச் நடுவில் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறக்கப்பட்டு, இரண்டாம் அலையால் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகள் செப்டம்பர் 1 அன்றும், ஒன்று முதல் எட்டு வரையிலானவை நவம்பர் 1 அன்றும் திறந்தன. ஊரடங்கின் தொடக்கத்தில், தொழிலாளருக்கு முழு ஊதியம் தரவேண்டும் என 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஆணையிட்டது. மே மாதத்தில் அந்த ஆணை விலக்கப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஊதியப் பிரச்சினையை முதலாளிகளும் தொழிலாளரும் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னது. அப்போது விவாதிக்கப்பட்டது ஆலை மூடிய நாட்களின் ஊதியம். ஆலை திறந்து பள்ளி மூடியே இருந்த நாட்களின் பிரச்சினை எந்த மன்றத்திலும் உரிய இடம் பெறவில்லை. 2020 மே முதல் தொழில்கள் படிப்படியாகத் தொடங்க, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோ இடையில் வந்த இரண்டாம் ஊரடங்கையும் கடந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் வீட்டில் இருந்தார்கள். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு மாலை நேரத்தில் கற்றல் இழப்பை ஈடுசெய்ய முனைந்தது. அதன் பணி மெச்சத்தக்கது, ஆனால் பெற்றோர் வேலையில் இருக்கும் பகல் நேரம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது.

அதே காலத்தில் பிற நாடுகள் சில இந்த இடைவெளியைச் சட்டத்தால் அடைக்க முயன்றன. ஜப்பான் 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடக் கோரியபோது, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஆண்டு விடுப்பில் கழிக்காமல் தனி ஊதிய விடுப்பு தரும் நிறுவனங்களுக்கு, நாளொன்றுக்கு 8,330 யென் வரை அரசே திருப்பிக் கொடுத்தது; சுயதொழிலாக ஒப்பந்த வேலை செய்யும் பெற்றோருக்கும் நாளொன்றுக்கு 4,100 யென் வழங்கியது. முதலாளி இல்லாத பெற்றோரும் பெற்றோரே என்பதை ஏற்ற இந்த இரண்டாம் பகுதி, அமைப்புசாராத் தொழிலாளர் நிறைந்த தமிழகத்துக்கு முதன்மையான பாடம். அமெரிக்காவின் சட்டம் 2020 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, பள்ளி மூடலால் வேலைக்குச் செல்ல இயலாத பெற்றோருக்குப் பத்து வாரங்கள் மூன்றில் இரு பங்கு ஊதியம் அளித்தது. ஆனால் 500 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் கொண்ட தனியார் நிறுவனங்கள் அதில் சேர்க்கப்படவில்லை, 50க்கும் குறைவான ஊழியர் கொண்டவை விலக்குக் கோர முடிந்தது. பெரிய கடையும் சிறிய கடையும் தப்பித்துக்கொள்ளும் சட்டம் எவ்வளவு பேரை எட்டும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஜெர்மனி வேறு வழி கண்டது: குழந்தை நோயுற்றால் மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஊதிய ஈடு பெறும் நாட்களை 2021இல் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஒரு குழந்தைக்குப் பத்திலிருந்து இருபதாக்கி, பள்ளி மூடலுக்கும் அவற்றைப் பயன்படுத்த அனுமதித்தது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர் குறித்த 1981ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 156ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

விடுப்பு யாருக்கு என்பதும் அதன் அளவைப் போலவே முக்கியமானது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். குடும்பத்தினரைப் பராமரிப்பதில் பெண்களுக்கு 137 நிமிடங்கள், ஆண்களுக்கு 75. பள்ளி மூடல் விடுப்பு தாய்க்கு மட்டும் வழங்கப்பட்டால் இந்தச் சாய்வு இன்னும் கூடும். பெண்ணை வேலைக்கு வைத்தால் மழைக்கும் திருவிழாவுக்கும் வரமாட்டாள் என்ற முதலாளியின் கணக்குக்கும் அது வலுவூட்டும். தந்தைக்கும் தனித்தனி நாட்கள், ஒருவர் நாளை மற்றவருக்கு மாற்ற இயலாதபடி, ஒதுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

உணவும் இதில் கலந்துள்ளது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் சென்ற காலை உணவுத் திட்டமும், அரசுத் தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு நாளின் இரு வேளை உணவைத் தருகின்றன. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி உணவை விடுமுறை நாட்கள் நீங்கலாகவே உரிமையாக்கியது. எனவே அறிவிக்கப்படும் ஒவ்வொரு விடுமுறையும் கூலி இழக்கும் வீட்டில் இரு வேளைச் செலவையும் கூட்டுகிறது. ஆரணியின் பட்டுத் தறிகளில் இது இன்னொரு முறையில் தெரியும். அங்கே விடுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை, சேலை முடிந்தால்தான் கூலி. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் பகலில் சமையலுக்கும் கவனிப்புக்கும் எழுந்து எழுந்து போகும் நெசவாளியின் சேலை ஒருநாள் பிந்துகிறது, அந்த ஒருநாளை யாரும் குறித்துவைப்பதில்லை.

தமிழகத்துக்குப் பொருத்தமான கொள்கை இந்த வேறுபாடுகளை ஒட்டியே அமைய வேண்டும். மாதச் சம்பளமும் வருகைப் பதிவேடும் உள்ள இடங்களில், ஆட்சியரின் மழை விடுமுறை ஆணையையே விடுப்புக்குப் போதுமான சான்றாக ஏற்கும் சில நாள் தனி ஊதிய விடுப்பைப் பெற்றோர் இருவருக்கும் தரலாம். அந்நாட்களுக்காக ஊக்கத்தொகை குறைக்கப்படக் கூடாது என்ற விதியில்லாமல் அந்த உரிமை பயனற்றுப்போகும். சிறு நிறுவனங்களின் சுமையைத் தொழிலாளர் நல நிதியிலிருந்து ஓரளவு ஈடுசெய்யலாம். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் இயங்கும் நல வாரியங்கள் வழியே, பதிவுபெற்ற அமைப்புசாராத் தொழிலாளருக்கு ஜப்பானின் முறையில் நாட்படி வழங்கலாம். திருவிழா நாட்களுக்கோ காவலர் தங்காத பள்ளிகளில் சிலவற்றை, சத்துணவுக் கூடத்தோடு சேர்த்து, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்காகக் காலை முதல் இரவு வரை திறந்துவைப்பதே உதவும். அவற்றை நடத்தும் சமையலரும் உதவியாளரும் பெரும்பாலும் பெண்கள். அவர்களிலும் பலருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் உண்டு. அந்நாட்களின் பணிக்கு அவர்களுக்குத் தனி ஊதியமும், மற்றொரு நாளில் ஈடுசெய் விடுப்பும், தம் பிள்ளைகளையும் அதே கூடத்துக்கு அழைத்துவரும் அனுமதியும் ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.